கடலைக் கேட்காத முகூர்த்தம்

முதலில் ஒரு இருமல். அப்புறம் இன்னொன்று. பிறகு தொண்டை திறந்துகொண்டு ஒரே அலறல்.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல் வெட்டுகிறார்கள். முதுகில் எஞ்சினைச் சுமந்த ஆள் ஒருவர் வெயிலில் இடமும் வலமும் அசைந்து அசைந்து நடக்கிறார். வெட்டுப்பட்ட புல்லின் பச்சை வாசனை முதலில் மாடிக்கு ஏறி வருகிறது. அதன் பின்னாலேயே நீலப் புகை, எண்ணெய் கலந்த பெட்ரோல் எரிகிற வாசனை. பக்கத்து வீட்டில் சன்னலைச் சாத்துகிறார்கள். நான் அகலத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் வகுப்பறையின் வாசலில் உங்களை நிறுத்திவிட்டுப் போனேன். பிள்ளைகள் அங்கேயே இருக்கட்டும், சத்தம் போட்டாலும் பரவாயில்லை. இந்தப் புகை கலைவதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அறுபதுகளின் தொடக்கம். மெர்டேக்கா பாலம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், காலாங் கரையில் ஒரு லாரி நிற்கிறது. லாரியின் முதுகில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விசைப்படகு. அதன் மூக்கில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. சுற்றி நாங்கள் நான்கு பேர். நல்ல நேரம் பிறந்துவிட்டது. தேங்காய் தயார். கற்பூரம் தயார்.

கடலைத்தான் காணவில்லை.

சேறு

எங்கேயோ தூரத்தில், பாலத்தின் கால்களுக்கு அருகில், ஒரு வெள்ளிக் கோடு மின்னியது. அதுதான் தண்ணீர். அதுவரைக்கும் சேறு. கறுப்பும் பழுப்புமாய், மூச்சு விடுகிற சேறு. சின்னச் சின்னத் துளைகளில் நண்டுகள் எட்டிப் பார்த்து ஒளிந்தன. வழக்கமாக மிதக்கிற படகுகள் எல்லாம் விருந்துச் சாப்பாடு முடித்தவர்கள் மாதிரி ஒருக்களித்துப் படுத்திருந்தன. அழுகலும் உப்பும் கலந்த வாடை. ருக்கு அண்ணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

முதலில் பேசியது என் அண்ணன் குணசேகரன். ஜாலான் புசாரில் ஒரு மோட்டார் பட்டறையில் மெக்கானிக். கையில் தேங்காயை ஏந்தியபடி, பக்கத்தில் நின்ற கூட்டாளி சேவியரிடம் கேட்டார்:

“டேய், தண்ணி எங்கடா?”

சேவியர் அந்த வெள்ளிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருந்துச்சு,” என்றார். “முந்தாநாள் பாத்தேன்லா.”

சிரிக்கக் கூடாத நேரம் அது. அன்று சாயங்காலம் ஏழு மணிக்குள் சேவியர் கிளிஃபர்ட் பியர் படகுத்துறையில் இருந்தாக வேண்டும். அங்கிருந்து மோட்டார் படகில் போய், வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பலில் ஏறி, லாபுவான் தீவுக்குப் போகிறார். அவர் குமாஸ்தாவாக இருந்த கப்பல் அலுவலகம் அவரை அங்கே மாற்றிவிட்டது. மூன்று வருட ஒப்பந்தம். தன் கையால் செய்த படகு தண்ணீருக்கு மேல் எழுந்து ஓடுவதைப் போவதற்கு முன்னால் ஒரு தடவை அவர் பார்த்துவிட வேண்டும். அதற்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பகல்தான்.

அடியில் தெரிந்த வெளிச்சம்

சேவியருக்கு இந்தப் பைத்தியம் பிடித்த இடம் காத்தோங் கடற்கரை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்குப் போகாமல் கடல் சுவரில் உட்கார்ந்திருந்தாராம். வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு குட்டிப் படகை ஓட்டிக்கொண்டு வந்தார். முதலில் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பாரத்தை இழுக்க முடியாத மாதிரி தண்ணீரை உழுதது. பிறகு திடீரென்று எதையோ உதறிவிட்டதுபோல் மட்டமானது. சத்தம் மாறியது. பறந்துவிட்டது.

“அடியில வெளிச்சம் தெரிஞ்சுச்சு டீச்சர்,” என்பார் என்னிடம். “படகுக்கும் தண்ணிக்கும் நடுவுல. இந்தப் பக்கம் இருந்து பாத்தா அந்தப் பக்கம் தெரிஞ்சுச்சு.”

அண்ணன் இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வெளிச்சம் தெரிந்தால் படகு தண்ணீரை விட்டுவிட்டது என்று அர்த்தம், தண்ணீரை விட்டால் எஞ்சினின் விசிறி காற்றில் சுற்றும், பாரமில்லாமல் சுற்றினால் எஞ்சின் கத்தும், நீ பார்த்தது வெறும் நுரை என்பார். சேவியர் நுரைக்கும் வெளிச்சத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான் என்பார். இந்த வழக்கு எங்கள் வீட்டு மாடியில், அண்ணி ஊற்றித் தந்த தேநீரில் ஊறி ஊறி, வருடக்கணக்காக நடந்தது.

எனக்கு அப்போது இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது. தமிழ்ப் பள்ளி ஆசிரியை. எதையும் நம்புவதற்கு முன்னால் தொட்டுப் பார்க்கிற ஆள். குளியலறைத் தொட்டியில் கையை மெதுவாக வைத்தேன். உள்ளே போனது. ஓங்கி அறைந்தேன். தண்ணீர் திருப்பி அறைந்தது. வேகமாகத் தொட்டால் தண்ணீரும் தரையாகிவிடும் போலிருக்கிறதே! உள்ளங்கை சிவக்கச் சிவக்க அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி கதவைத் தட்டி, உள்ளே யாரைப் போட்டு அடிக்கிறாய் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நானும் அவர்களோடு கடல் சுவருக்குப் போக ஆரம்பித்தேன். படகு மன்றங்களின் வாசலுக்குள் எங்களை விடமாட்டார்கள். சுவரில் நிற்க யாருடைய அனுமதியும் வேண்டாம். சீன முதலாளிகளான தவுக்கேமார்களின் படகுகள் வரும். தேன் நிற மரம், கண்ணாடி மாதிரி வார்னிஷ், கண் கூசுகிற குரோமியம். பெருமூச்சு விட்டபடி போகும், சீமாட்டிகள் மாதிரி. எங்களுக்கு அவை பிடிக்காது. குட்டிப் படகுகள்தான் பிடிக்கும். ஒரு ஆள், ஒரு எஞ்சின், நாலு பலகை. தண்ணீர் என்றால் என்ன என்று தண்ணீரிடமே வம்புக்குப் போய்க் கேட்கிற படகுகள்.

சேவியரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். இந்தத் தொடரைப் படிக்கிற சில தோழிகள் ஏற்கெனவே புருவம் உயர்த்தியிருப்பார்கள். இறக்கிக்கொள்ளலாம். என் மனம் போனது படகின் பின்னால்தான்.

பசை வாசனை

பிராஸ் பாசாவில் பழைய புத்தகக் கடை ஒன்றில் சேவியர் ஓர் அமெரிக்கப் பத்திரிகையைக் கண்டெடுத்தார். நடுப்பக்கத்தில் படகின் வரைபடம், அளவுகளோடு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னது நான். படத்தில் ஓர் ஆள்தான் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இன்னொரு ஆளை வரைய அவர்களுக்குச் சோம்பல் என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டோம்.

பட்டறைத் தவுக்கே பின்பக்கக் கொட்டகையைச் சனிக்கிழமை மதியங்களில் தந்தார். ஊருக்குத் திரும்பிப் போன ஓர் ஆங்கிலச் சிப்பாயிடமிருந்து எஞ்சின் வந்தது. அண்ணன் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி மண்ணெண்ணெயில் குளிப்பாட்டினார். சேவியரின் பொறுப்பு மரம். பிளைவுட்டின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து மூக்குச் செய்தார். பசையும் மரத்தூளும் வார்னிஷும் கலந்த வாசனை என் பின்னலில் ஏறிக்கொண்டு திங்கட்கிழமை வகுப்புக்கும் வந்தது.

அடிப்பக்கத்தை அவர் தேய்த்ததைச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். ஓரிடத்தில் கை நிற்கும். உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தை மட்டும் தேய்ப்பார். மறுபடி கண்ணை மூடுவார். சனிக்கிழமைகள் இப்படியே போய்க்கொண்டிருந்தன. நாள் முழுக்க அலுவலகத்தில் தட்டச்சு தட்டுகிற கை அது.

பெயர் வைப்பதில் சண்டை. சேவியருக்கு மாதாவின் பெயர் வேண்டும். அண்ணனுக்கு முருகன் பெயர். இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, “சாமி பேர வெச்சுட்டு அது மேலயே ஏறி உக்காருவீங்களா ரெண்டு பேரும்?” என்றார். அதோடு முடிந்தது. தும்பி என்று நான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

இரண்டு பக்கத்துக்கும் பொருந்திய நேரம்

தண்ணீரில் இறக்குகிற நாளை முடிவு செய்ததுதான் இந்தக் கதையின் சிகரம் என்று அப்போது நினைத்தோம்.

சேவியர் ஞாயிறு பூசைக்குப் போய், தீர்த்தம் வாங்கி வந்து தெளித்த பிறகுதான் படகு இறங்க வேண்டும் என்றார். அண்ணி நல்ல நேரத்தில் தேங்காய் உடைத்துத்தான் இறங்க வேண்டும் என்றார். அண்ணிக்கு இது வெறும் சாங்கியம் இல்லை. அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. தெரியும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார், தெரியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கடலில் புருஷனைப் பிடித்துக்கொள்ள அண்ணியிடம் இருந்த ஒரே கயிறு அந்த நல்ல நேரம்தான்.

நாள்காட்டியைக் கதவிலிருந்து கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு நான்கு பேரும் குனிந்தோம். பூசை ஒன்பதுக்கு முடியும். பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள் நல்ல நேரம். பன்னிரண்டுக்கு எமகண்டம், மூன்றுக்குக் குளிகை, நாலரைக்கு ராகு காலம். ஞாயிறு மதியம் என்பது கெட்ட நேரங்கள் வரிசையில் நிற்கிற பொழுது. ஆனால் காலையில் அந்த ஒரு மணி நேரம் இரண்டு பக்கத்துக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். தேங்காய் வாங்க அண்ணி அப்போதே தேக்கா சந்தைக்குக் கிளம்பிவிட்டார்.

சேவியரின் அலுவலகத்தில், அவர் மேசைக்கு நேர் எதிர்ச் சுவரில், ஏற்றவற்ற அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. எந்த நாள் எத்தனை மணிக்குக் கடல் ஏறும், எப்போது வற்றும் என்று கப்பல்காரர்களுக்குத் தட்டச்சு செய்து அனுப்பியவரே அவர்தான். கோயில் பக்கம் கேட்டோம், மாதா கோயில் பக்கம் கேட்டோம். கடலை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அஸாருக்கு அப்புறம்

ஆகவே, சேறு.

பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில், மரக்கால்களின்மேல் நிற்கிற வீட்டிலிருந்து ஒரு மலாய் அம்மா துணி உலர்த்திக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டேன். இப்போது வற்றம், இன்னும் வற்றும், பிற்பகல் அஸார் தொழுகை முடிந்த பிறகுதான் தண்ணீர் இங்கே வரும் என்றார். பிறகு படகின் மல்லிகைப் பூவைப் பார்த்து, கல்யாணமா என்று கேட்டார்.

நேரம் போகிறது, எதிலாவது இறக்குங்கள் என்று அண்ணி சொன்னார். இறக்கினார்கள். லாரியிலிருந்து பலகை சாய்த்து, தும்பியைச் சேற்றில் வழுக்கி விட்டார்கள். அண்ணன் முழங்கால் வரை புதைந்தபடி தேங்காய் உடைத்தார். கற்பூரம் எரிந்தது. சேவியர் சட்டைப் பையிலிருந்து சின்னச் சீசாவை எடுத்துத் தீர்த்தம் தெளித்தார். பதினொன்றரைக்குள் எல்லாம் முடிந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்தது, தண்ணீரைத் தவிர.

பிறகு காத்திருந்தோம். லாரி நிழலில் புளிச்சோறு சாப்பிட்டோம். நாங்கள் பார்க்கப் பார்க்கவே அந்த வெள்ளிக் கோடு இன்னும் தூரம் போனது. சேவியர் படகின் அடியில் ஒட்டிய சேற்றைக் குனிந்து விரலால் வழித்துவிட்டுக்கொண்டே இருந்தார். மதியம் சாய்ந்ததும் கோடு பட்டையானது. பட்டை விரிந்தது. சேற்றின் வரிகளில் தண்ணீர் சத்தமில்லாமல் நுழைந்து, நண்டுத் துளைகளைக் குமிழிட்டு மூடிக்கொண்டு வந்தது. கடைசியில் தும்பியின் வயிற்றைத் தொட்டது. கிசுகிசுவென்று ஒரு சத்தம்.

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் தொடங்கியிருந்தது.

அண்ணன் எஞ்சினைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், மறுபடி எஞ்சினைப் பார்த்தார். ராகு காலம் முடிகிற ஆறு மணி வரை நின்றால் சேவியருக்குக் கப்பல் போய்விடும்.

“வேணாம் தங்கச்சி,” என்றார் சேவியர் அண்ணியிடம். “நீங்க மனசு சங்கடப்பட வேணாம். குணா போட்டோ எடுத்து அனுப்புவான், நான் பாத்துக்கிறேன்.”

அண்ணி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

“காலையில எதுல இறக்குனீங்க?”

“சேத்துல.”

“சேறு யாரோடது?”

அண்ணனுக்குப் புரியவில்லை. “கடலோடது,” என்றார், திட்டு வாங்கப்போகிறவர் மாதிரி.

“அப்ப கடல்ல எறக்கியாச்சு. நல்ல நேரத்துலயே எறக்கியாச்சு. இது ரெண்டாந்தரம். ரெண்டாந்தரம் போறதுக்கெல்லாம் யாரு நேரம் பாக்குறா?”

சேவியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் படகை நோக்கி ஓட ஆரம்பித்தார். அண்ணி லாரியிலிருந்து ஒரு பழைய டயர் ட்யூபை உருட்டிக்கொண்டு வந்தார். ஊர் பார்க்க இதை மாட்டிக்கொண்டு எப்படி என்று அண்ணன் முனகினார்.

“ராகு காலத்த விட்டுட்டேன். ட்யூப விடமாட்டேன்.”

ஓர் ஆளுக்குச் செய்த படகு

இரண்டு பேரும் ஏறினார்கள். அண்ணன் கயிற்றைச் சுற்றி இழுத்தார். இருமல். இன்னொரு இழுப்பு. இன்னொரு இருமல். பிறகு அந்த அலறல், அந்த நீலப் புகை.

தும்பி போனது. ஆனால் எழவில்லை. மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது. வட்டமடித்தார்கள். சேவியர் முன்னால் தவழ்ந்து பார்த்தார், அண்ணன் குனிந்து பார்த்தார். எருமை மாதிரி தண்ணீரை உழுதுகொண்டே இருந்தது. பத்திரிகைப் படத்தில் முழங்காலிட்டிருந்த அந்த ஒற்றை ஆளை அப்போதுதான் நான் நினைத்தேன்.

அண்ணனும் நினைத்திருக்க வேண்டும். கரைக்கு அருகே வந்ததும், மார்பளவுத் தண்ணீரில், ட்யூபோடு குதித்துவிட்டார். நீ போ என்று கையைக் காட்டினார்.

சேவியர் தனியாகப் போனார். மூக்கு தூக்கியது. அடுத்த மூச்சில் எதையோ உதறியது. மட்டமானது. சத்தம் ஒரு சுருதி மேலே போனது. மஞ்சளாக ஒரு கோடு தண்ணீரைக் கிழிக்காமல் தண்ணீர்மேல் ஓடியது. நான் கத்தினேன் என்று அண்ணி சொல்வார். எனக்கு நினைவில்லை.

திரும்பி வந்தவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சிரிப்பு இல்லை.

“ஏறிருச்சுடா,” என்றார். “ஆனா எனக்குத் தெரியல. உள்ள உக்காந்தா அடியில என்னன்னு எப்படித் தெரியும்? நீ ஓட்டு. நான் பாக்கணும்.”

நேரமில்லையே, இருக்கிற நேரத்தில் நீயே இன்னொரு சுற்றுப் போ என்று அண்ணன் சொன்னார். சேவியர் எஞ்சின் கயிற்றை அவர் கையில் திணித்துவிட்டுக் கரைக்கு நடந்தார்.

பயணத்துக்காக உடுத்தியிருந்த வெள்ளைச் சட்டையோடு ஈரச் சேற்றில் குப்புறப் படுத்தார். கன்னத்தைத் தரையில் வைத்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் நானும் படுத்தேன். சேறு இளஞ்சூடாக இருந்தது. காதுக்குள் எஞ்சினின் அதிர்வு மண் வழியாக வந்தது.

அண்ணன் பாலத்துப் பக்கம் திரும்பி, சாய்ந்த வெயிலுக்குக் குறுக்கே வந்தார். இடுப்பில் ட்யூபோடு முழங்காலிட்ட ஒரு கறுப்பு உருவம். தொங்காங் சரக்குப் படகு ஒன்று போன தடத்தில் அலை நீண்டு கிடந்தது. தும்பி அதன்மேல் ஏறியது. எஞ்சின் கத்தியது, அண்ணன் வருடக்கணக்காகச் சொன்ன மாதிரியே. அந்தக் கத்தலின் நேரத்துக்கு, ஒரு தாளின் கனத்துக்கு, படகுக்கும் கடலுக்கும் நடுவில் பொன்னாக ஒரு வெளிச்சம்.

நான் பார்த்தேன். இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்ததைப் பார்த்தேன். அண்ணி இன்றுவரை அப்படி எதுவும் இல்லை என்கிறார். அண்ணி அப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

சேவியர் கொஞ்ச நேரம் எழவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனமில்லை. ஒப்பந்தம் நீண்டது. சேவியர் லாபுவானிலேயே கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே நிலைத்துவிட்டார். தும்பியை அண்ணன் சில வருடம் ஓட்டினார். பிறகு பிளைவுட் அடுக்கடுக்காக விரிந்துகொண்டது. நீச்சல் மட்டும் அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

கிளிஃபர்ட் பியருக்கு லாரி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்காதீர்கள். சேவியரின் அம்மா பெட்டியோடு நின்றிருந்தார். மகனின் சட்டையைப் பார்த்தார், முந்தானையில் எச்சில் தொட்டு அவர் கன்னத்துச் சேற்றைத் துடைத்தார். அண்ணன் ட்யூபைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார். போகிறவர்களும் வருகிறவர்களும் அவரைச் சுற்றி வழி கண்டுபிடித்துப் போனார்கள். இரண்டு பேரும் கைகொடுத்துக்கொள்ளக்கூட இல்லை.

சேவியர் படியிறங்கி மோட்டார் படகில் ஏறினார். அது கரையைத் தள்ளிவிட்டு விலகியது. நடுவில் தண்ணீர் அகலமானபோதுதான் அவர் திரும்பி, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார்:

“டேய் குணா, எஞ்சின நல்ல தண்ணியில கழுவிடு. இன்னைக்கே கழுவு. உப்பு தங்கிரும்.”

அண்ணன் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார்.

“தங்கட்டும்டா. இன்னைக்கு ஒரு நாள் தங்கட்டும்.”